மச்சானுக்கு ஒரு பிரஸ்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து வீட்டுக்கு வந்து சாரத்துக்கு மாறியபோது, கனடாவிலிருந்து மச்சான் அனுப்பிய மூன்று படங்கள் தொலைபேசியில் கிடந்தன. மூன்றிலும் மேசை விளிம்பில் பூட்டி வைக்கிற இரும்புச் சாமான்கள். ஒவ்வொன்றுக்கும் நீளமான ஒரு கைபிடி, நடுவில் வட்டத் தட்டு, தலையில் ஒன்றிரண்டு பிளாஸ்டிக் குழாய்கள். கீழே ஒரு வரி: "மச்சான், இதில எது திறம்? விலை குறைஞ்சதாப் பாத்து மூண்டு எடுத்திருக்கிறன்."

மச்சான் என்பவர் என் தங்கச்சியின் கணவர். பேசாலைக்காரர். சண்டைக் காலத்தில் பதினைந்து வயதில் படகேறி இந்தியாவுக்குப் போய், பல வருடங்கள் கழித்துக் கனடாவுக்குப் போய்ச் சேர்ந்தவர். அங்கே பனி கொட்டுகிற ஒரு சிறிய நகரத்தில் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. எனக்கு மன்னாரில், தோட்டவெளியில் வீட்டோடு சேர்ந்த ஒரு வேர்க்சொப் இருக்கிறது. ஒரு லேத், துளை போடுகிற மெசின் ஒன்று, வெல்டிங் செட். படகு எஞ்சின்களுக்கு சாஃப்ட் கடைவதும் தேய்ந்த புஷ்களை மாற்றுவதும்தான் பெரும்பாலும் வேலை. அதனால் மச்சான் புல்லு வெட்டும் மெசின் வாங்கினாலும், பனி தள்ளும் மெசின் வாங்கினாலும் முதலில் எனக்குப் படம் வரும். நானும் பெரிய மனுசன் மாதிரிப் பதில் சொல்லுவேன்.

இந்த மூன்றும் எனக்குப் பிடிபடவில்லை. பழம் பிழிகிற மெசினோ என்று கேட்டு எழுதினேன். உடனே குரல் பதிவு ஒன்று வந்தது. மச்சான் சிரித்துக்கொண்டே பேசினார்.

"பழமில்லை மச்சான். இது துவக்கு ரவை நிரப்பிற பிரஸ். புரோகிரசிவ் எண்டு சொல்லுறவை. நான் மான் வேட்டைக்கு லைசென்ஸ் எடுத்தனான் எல்லோ, ஞாயிறு ஞாயிறு ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டுப் பழகிறனான். கடை ரவை நல்ல விலை. இஞ்சை கன பேர் சுட்ட வெறுங்கோதைச் சேத்து வைச்சு வீட்டிலேயே திருப்பி நிரப்பினம். அதுக்கு அனுமதி இருக்கு. நீங்கள் மெசினை மட்டும் பாத்துச் சொல்லுங்கோ."

குரல் பதிவு முடிந்ததும் நான் முதலில் செய்தது வேலிக்கு வெளியே ஒழுங்கையை எட்டிப் பார்த்ததுதான். ஒருவரும் இல்லை. தொலைபேசியின் சத்தத்தைக் குறைத்து இன்னொரு தடவை கேட்டேன்.

அங்கே அது பொழுதுபோக்கு. இங்கே ரவை என்ற சொல்லைச் சத்தமாகச் சொல்லவே நாங்கள் பழகவில்லை. என் மனைவியின் தமையன் முருங்கன் பக்கம் வயல் செய்கிறவர். பன்றிக்காக அவரிடம் லைசென்ஸ் உள்ள துவக்கு ஒன்று இருக்கிறது. தோட்டாவைக் கந்தோரில் விண்ணப்பம் கொடுத்து எண்ணித்தான் வாங்குவார். சுட்ட பிறகு வெறுங்கோதையும் ஒரு பால்மா டின்னில் போட்டு வைத்திருப்பார், யாராவது கேட்டால் காட்டுவதற்கு. வீட்டில் வைத்து நிரப்புகிற எண்ணம் கனவில் வந்தாலும் எழும்பி முகம் கழுவிவிட்டுப் படுக்கிற ஆள். ஒரு காலத்தில் மன்னார்ப் பாலத்துச் சோதனைச் சாவடியில் டோர்ச் பற்றரிக்குக்கூடக் கணக்குச் சொல்லிவிட்டு ஊருக்குள் வந்தவர்கள் நாங்கள்.

"பிறகு கதைப்பம்" என்று மச்சானுக்கு எழுதினேன்.

இரண்டு நாள் கழித்துத் தங்கச்சி தொலைபேசியில் எடுத்தாள். மச்சான் பின்னேர வேலைக்குப் போயிருக்கிற நேரம் பார்த்து எடுத்திருக்கிறாள் என்று அவள் குரலிலேயே தெரிந்தது.

"அண்ணை, அவர் உங்களுக்குப் படம் அனுப்பினவரோ?"

"ஓம்."

"வேண்டாம் எண்டு சொல்லிவிடுங்கோ. நான் சொன்னால் பயந்தவள் எண்டுறார். நீங்கள் மெசின் சரியில்லை எண்டு சொன்னால் கேப்பார்."

"எந்த மெசின் சரியில்லை?"

"மூண்டும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

"வீட்டுக்குள்ள வெடிமருந்தையும் ரவையையும் வைச்சுக்கொண்டு நான் நித்திரை கொள்ளோணுமோ? உதுக்கோ அண்ணை நான் அங்கையிருந்து ஓடி வந்தனான்?"

"நான் ஒருக்கால் பாக்கிறன்" என்றேன்.

இதுதான் நான் விட்ட பிழை. "பாக்கிறன்" என்பதைத் தங்கச்சி வாக்குறுதியாக எடுத்துக்கொண்டாள். "பிறகு கதைப்பம்" என்பதை மச்சானும் அப்படியே எடுத்துக்கொண்டார். நான் இரண்டு பக்கத்துக்கும் ஓம் சொன்னவன் ஆகிவிட்டேன்.

உண்மையைச் சொன்னால், தங்கச்சிக்காகக் குறை கண்டுபிடிக்கிற எண்ணத்தோடுதான் பார்க்கத் தொடங்கினேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வேர்க்சொப்பில் கதிரையைப் போட்டுக்கொண்டு, அந்த மெசின்களைப் பற்றி ஆட்கள் எடுத்துப் போட்டிருக்கிற வீடியோக்களைப் பார்த்தேன். அவர்களுடைய ஆங்கிலம் எனக்கு அரைவாசிதான் விளங்கும். ஆனால் மெசின் ஓடுவது முழுவதும் விளங்கியது.

சாதாரணப் பிரஸ்ஸில் ஒரு தடவை கைபிடியை இழுத்தால் ஒரு வேலை நடக்கும். எல்லாக் கோதுக்கும் அந்த ஒரு வேலையை முடித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போக வேண்டும். புரோகிரசிவ் அப்படியில்லை. வட்டத் தட்டில் நாலு கோதுகள் நிற்கும். கைபிடியை இழுக்கத் தட்டு மேலே ஏறும். ஒன்றில் பழைய மூடி கழன்று விழும், அடுத்ததில் மருந்து இறங்கும், அதற்கடுத்ததில் ஈயத்தலை உட்காரும், கடைசியில் இருப்பது இறுகும். கைபிடியை விடத் தட்டு ஒரு இடம் சுற்றும். முடிந்தது ஒன்று சறுக்கிக்கொண்டு போய்ப் பெட்டியில் விழும். ஒரு கை இழுவையில் நாலு வேலை. யோசித்துச் செய்தவன் நல்ல வேலைக்காரன். எந்தச் சாமானைச் செய்வதற்கு இந்த மெசின் என்பதை மறந்து, தட்டு எப்படிச் சுற்றுகிறது, எது தள்ளுகிறது, எங்கே தேயும் என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

மனைவி தேத்தண்ணியோடு வந்தவள் என் தோளுக்குப் பின்னால் நின்றாள்.

"வடிவான மெசின். என்ன செய்யிறது?"

சொன்னேன். அவள் கோப்பையை லேத் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அன்று பின்னேரம் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது அவளாகவே சொன்னாள். வன்னிக்கு இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, கடைசியில் அவர்கள் முருங்கன் பக்கத்து வீட்டுக்குத் திரும்பி வந்தபோது வளவு முழுக்கப் புல்லு. கண்ணிவெடி எடுக்கிறவர்கள் பார்த்துவிட்டுப் போன பிறகு அவளும் தாயும் கூட்டினார்கள். மூன்று நாள் கூட்டியதில் வெறுங்கோது ஒரு கடகம் சேர்ந்தது. எல்லாம் பித்தளை. ஆமிக்காரர் வந்து சாக்கில் கொட்டிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகும் மழை பெய்த ஒவ்வொரு நாளும் மண்ணுக்குள்ளிருந்து ஒன்றிரண்டு மினுங்கும்.

"நாங்கள் கூட்டி அள்ளிக் குடுத்தனாங்கள். அங்கை ஆக்கள் பொறுக்கி வைச்சு நிரப்பினம் என்ன" என்றாள். கோபம் இல்லை. மீனைத் திருப்பிப் போட்டு மற்றப் பக்கத்தைக் கழுவினாள்.

நான் மச்சானுக்கு அந்தக் கிழமை ஒன்றும் எழுதவில்லை.

ஆனால் மச்சான் விடவில்லை. அடுத்த சனிக்கிழமை நாங்கள் செபமாலை சொல்லி முடித்த நேரம் வீடியோ அழைப்பு வந்தது. அவருக்கு அங்கே காலை. எடுத்ததும் ஒரு பெரிய கராஜ் தெரிந்தது. வெள்ளை முடியோடு ஒரு மூதாட்டி கம்பளிச் சட்டைக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றார்.

"மச்சான், மூண்டாவது படத்தில இருந்த பிரஸ் இதுதான். இவவின்ரை மனுசன் பாவிச்சது. அவர் செத்துப்போனார், விக்கிறா. நான் ஃபோனைப் பிடிக்கிறன், நீங்கள் சொல்லுங்கோ."

வேண்டாம் என்று சொல்ல அதுதான் நேரம். ஆனால் அவர் தொலைபேசியை அந்த இரும்புக்குக் கிட்டக் கொண்டுபோனதும் என் வாயிலிருந்து வேறு கேள்வி வந்தது.

"கைபிடியை அரைவாசிக்கு இழுத்துப்போட்டு நிப்பாட்டுங்கோ. இப்ப மற்றக் கையால தட்டைப் பிடிச்சு ஆட்டிப் பாருங்கோ. ஆட்டம் இருக்கோ?"

"கொஞ்சம்."

"கொஞ்சம் எண்டால்? ஒரு நகம் அளவோ, ஒரு மயிர் அளவோ?"

"மயிர் எண்டு சொல்லலாம்."

"அப்ப சரி. அந்தப் பெரிய தூணில கீறல் விழுந்திருக்கோ பாருங்கோ. துணியாலை துடைச்சுப்போட்டுப் பாருங்கோ."

மூதாட்டி துணி எடுத்துக் கொடுத்தார். மச்சான் துடைத்தார். தூண் கண்ணாடி மாதிரி இருந்தது. அந்த மனுசன் ஒவ்வொரு கிழமையும் எண்ணெய் போட்டிருக்க வேண்டும். நான் ஐந்தாறு தடவை கைபிடியை மெல்ல இழுத்து விடச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டேன். நாலு தடவை 'ரிக்' என்று வந்தது. ஐந்தாவது தடவை வரவில்லை.

"தட்டைத் தள்ளுற நாக்கு மாதிரி ஒரு சின்னத் துண்டு அடியில இருக்கும். அதைக் காட்டுங்கோ."

குனிந்து காட்டினார். எதிர்பார்த்தபடி அது விரிசல் விட்டிருந்தது. சில நேரம் தட்டைத் தள்ளும், சில நேரம் வழுக்கும்.

"மற்ற ரெண்டோட பாக்கேக்கை?" மச்சான் கேட்டார்.

முதலாவது பிரஸ்ஸின் உடம்பு வெள்ளை உலோகம், தட்டைச் சுற்றுவது பிளாஸ்டிக். புதிது, மலிவு. ஆனால் வீடியோவில் அதைப் பாவிக்கிற ஒவ்வொருவரும் ஒரு விரலால் எதையாவது தள்ளிக்கொண்டே இருந்தார்கள். இரண்டாவது உறுதியானது, ஆனால் தலையைக் கையால் திருப்ப வேண்டும், மெதுவான வேலை. மச்சானுக்கு மெதுவானது பிடிக்காது. இந்தப் பழைய வார்ப்பிரும்புப் பிரஸ், நாக்கு ஒன்றைத் தவிர, இன்னும் முப்பது வருடம் நிற்கும். பொய் சொல்லலாம் என்று யோசித்தேன். நல்ல இரும்பைப் பார்த்துக்கொண்டு கெட்டது என்று சொல்ல எனக்கு வரவில்லை.

"மூண்டில இதுதான் திறம்" என்றேன். "ஆனால் நாக்கை மாத்தாமல் பாவிக்கப் படாது. தட்டு ஒரு இடம் வழுக்கினால், ஒரு கோதுக்கு மருந்து இல்லாமல் போகும், இல்லாட்டி ரெண்டு தரம் விழும். ரெண்டும் கூடாது."

"ஏன் மச்சான் உங்களுக்கு உந்த வேலை?" என்றும் கேட்டேன்.

"சும்மா ஒரு பொழுதுபோக்குத்தான்" என்றார். சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தார்.

மச்சான் அன்றைக்கே அதை வாங்கிவிட்டார். அடுத்த நாளே, நான் சொன்னது தங்கச்சிக்குத் தெரிந்துவிட்டது. அவள் எனக்கு எடுத்து இரண்டே இரண்டு வசனம் சொன்னாள். "நான் உங்களை வேறை மாதிரிச் சொல்லச் சொன்னனான். நீங்கள் அவருக்கு எடுத்துக் குடுத்திட்டியள்." அதற்குப் பிறகு ஒன்றரை மாதம் அவள் என்னோடு பேசவில்லை. என் மனைவிக்கு எடுப்பாள். பேசி முடிக்கும்போது, "அண்ணை சுகமோ?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாள்.

அந்தப் பிரஸ் செய்த கம்பெனி அந்தப் பழைய மாதிரிக்கு இப்போது பாகம் விற்பதில்லை என்று மச்சான் எழுதினார். உடைந்த நாக்கை ஒரு அளவுகோலுக்குப் பக்கத்தில் வைத்து நாலு பக்கத்தாலும் படம் எடுத்து அனுப்பியிருந்தார். "உங்களாலை ஏலுமோ?" என்று கேட்டிருந்தார்.

அது எனக்கு ஒரு பின்னேர வேலை. பழைய கியர் ஒன்றிலிருந்து நல்ல எஃகுத் துண்டு வெட்டி எடுத்து, அரத்தால் ராவி, துளை போட்டு, சூடாக்கி எண்ணெயில் தோய்த்தேன். சின்ன விரல் நகம் அளவு. கையில் வைத்துப் பார்க்க வடிவாக இருந்தது. எத்தனையோ படகு எஞ்சினுக்கு எத்தனையோ துண்டுகள் செய்திருக்கிறேன், ஒன்றையும் இப்படி இரண்டு நாள் மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்ததில்லை.

மனைவி மறிக்கவில்லை. மன்னார் ரவுணுக்குப் போக நான் மோட்டார் சைக்கிளை எடுக்கும்போது ஒன்று மட்டும் கேட்டாள். "பார்சல் கடையில என்ன மெசினுக்கு எண்டு கேட்டால் என்ன சொல்லுவியள்?"

"ஆர் கேக்கப்போகினம்" என்றேன்.

கேட்டார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பிள்ளை படிவத்தை நிரப்பிக்கொண்டே, "ஐயா, என்ன பொருள்?" என்றாள்.

"மெசின் பாட்ஸ்."

"என்ன மெசின் ஐயா? இப்ப எல்லாம் வடிவா எழுதச் சொல்லுகினம்."

தையல் மெசின் என்று சொன்னால் முடிந்தது. அந்தப் பிள்ளை எழுதிவிட்டு முத்திரை குத்தியிருப்பாள். அதில் ஒரு ஆபத்தும் இல்லை, அங்கே அது குற்றமும் இல்லை. ஆனால் பொய் சொல்ல வாய் வரவில்லை. உண்மையைச் சொல்லவும் வரவில்லை. எனக்குப் பின்னால் ஒரு அம்மா கருவாட்டுப் பொதியோடு நின்றார், அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். உள்ளங்கை வியர்த்தது. பாலத்தடியில் வரிசையில் நின்று அடையாள அட்டையைக் கையில் பிடித்திருந்த காலத்தில் வியர்த்த அதே மாதிரி. ஒன்றும் செய்யாமலே குற்றம் செய்தவன்போல நிற்கிற அந்தப் பழக்கம் உடம்பை விட்டுப் போகவில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"பிறகு வாறன் பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் பொதியைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மச்சானிடம் மறைக்கவில்லை. நடந்ததை அப்படியே சொன்னேன். அவர், "எனக்கு விளங்குது மச்சான். நான் கேட்டிருக்கப் படாது" என்றார்.

"நாக்கைக் கழட்டி எறியுங்கோ" என்றேன். "தட்டை ஒவ்வொரு தரமும் விரலாலை திருப்புங்கோ. திருப்ப முதல் ஒவ்வொரு கோதுக்குள்ளையும் எட்டிப் பாருங்கோ."

"அப்ப புரோகிரசிவ் வாங்கி என்ன பலன்? மற்றதை மாதிரி மெதுவாத்தானே போகும்."

"மெதுவாப் போகட்டும். உங்களுக்கு என்ன அவசரம்?"

அவருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை என்று தெரிந்தது. ஆனால் செய்தார். கராஜில் தனியாக ஒரு மேசை போட்டு, மருந்தை இரும்பு அலுமாரியில் பூட்டி, சனிக்கிழமை பின்னேரங்களில் விரலால் தட்டைத் திருப்பித் திருப்பி நிரப்பத் தொடங்கினார். தங்கச்சி அந்தப் பக்கம் போகவே மாட்டாள் என்று என் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள்.

ஒரு ஞாயிறு காலை, அங்கே சனி பின்னேரம், என் தொலைபேசி அடித்தது. தங்கச்சி. ஒன்றரை மாதத்துக்குப் பிறகு எனக்கு எடுக்கிறாள்.

"அண்ணை, ஒண்டில மருந்து இல்லை."

"என்ன?"

"இப்ப கொஞ்சம் முந்தி. சாப்பிடக் கூப்பிடப் போனனான். அவர் இழுத்துக்கொண்டு நிக்கிறார். கிட்டப் போய்ப் பாத்தனான். தட்டில ஈயத்தலை வைக்கப்போற கோது உள்ளுக்கை இருட்டா இருந்துது. முதல் வந்ததுகளில மருந்து தெரிஞ்சுது, அதில தெரியேல்லை. நிப்பாட்டுங்கோ எண்டு சொன்னனான். பாத்தால் வெறுங்கோது. அவர் கதைச்சுக்கொண்டு நிண்டதில ஒருக்கால் இழுக்காமலே ரெண்டாம் தரமும் திருப்பிப்போட்டார்."

அப்படி ஒன்றைச் சுட்டால் ஈயத்தலை குழலுக்குள் பாதியில் நின்றுவிடும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் துவக்கு கையில் வெடிக்கும். வீடியோவில் பார்த்திருந்தேன். அவளுக்கு நான் அதைச் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது.

"அவர் என்ன செய்யிறார்?"

"கதிரையில இருக்கிறார். முகம் வெளிறிப்போச்சு." கொஞ்சம் நிறுத்தினாள். "இனி நான் பாக்காமல் ஒண்டும் மூடுறேல்லை எண்டு சொல்லிப்போட்டன். எனக்கு விருப்பமில்லைத்தான். ஆனால் அவர் விடமாட்டார். அப்ப நான் பக்கத்தில இருந்து பாக்கிறதுதான் நல்லம்."

அவள் குரலில் கோபம் இன்னும் இருந்தது. அதோடு, தான்தான் கண்டுபிடித்தேன் என்கிற ஒரு மிடுக்கும் இருந்தது. சின்ன வயதில் அரிசியில் கல்லுப் பொறுக்கும்போது எங்கள் வீட்டில் அவளுக்குத்தான் முதலிடம்.

அதற்குப் பிறகு அது இருவரின் வேலையானது. மச்சான் கைபிடியை இழுப்பார். தங்கச்சி ஒரு சின்ன டோர்ச்சோடு உயரமான கதிரையில் இருந்து உள்ளே பார்த்து, "சரி" என்பாள். "சரி" வந்தால்தான் மச்சான் தட்டைத் திருப்புவார்.

ஆவணியில் மடு மாதா திருவிழாவுக்கு இருவரும் வந்தார்கள். திருவிழா முடிந்து எங்களோடு ஒரு கிழமை நின்றார்கள். மச்சானைப் பேசாலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கடற்கரையில் வலை பொத்திக்கொண்டிருந்தவர்களுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. தகப்பனின் பெயரைச் சொன்ன பிறகுதான் தெரிந்தது. அவர் வலையில் ஒரு கண்ணை எடுத்துப் பொத்திப் பார்த்தார், கை மறந்துவிட்டது, சிரித்துக்கொண்டு கொடுத்துவிட்டார்.

அன்று மத்தியானச் சாப்பாட்டில்தான் என் மனைவி கேட்டாள். பாரைமீன் குழம்பை அவருடைய சோற்றில் விட்டுக்கொண்டே, ஊர்ப் புதினம் கேட்பது மாதிரிக் கேட்டாள்.

"தம்பி, உங்களுக்கு அந்த வெடிச்சத்தம் கேக்க ஒண்டும் செய்யிறேல்லையோ?"

தங்கச்சி நிமிர்ந்து பார்த்தாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். மச்சான் தண்ணீர் குடித்தார்.

"செய்யும் அக்கா. முதல் நாள் ரேஞ்சுக்குப் போகேக்கை பக்கத்தில ஒருத்தன் சுட்டான். நான் நிலத்தில குந்திட்டன். ரெண்டு கையாலையும் தலையைப் பொத்திக்கொண்டு. வேலையிடத்து ஆக்கள் எல்லாம் பாத்துக்கொண்டு நிண்டவை."

"பிறகேன் போனியள்?"

"வெக்கத்தில எண்டுதான் முதல் நினைச்சனான். அது இல்லை. அடுத்த கிழமை நானே சுட்டுப் பாத்தன். அப்ப எனக்கு ஒண்டும் செய்யேல்லை அக்கா. எப்ப வரும் எண்டு எனக்குத் தெரியும். நான் விரலை அமத்தினால்தான் வரும், அமத்தாட்டி வராது. எங்கடை ஊரில அது எந்த நேரம் வரும், எந்தப் பக்கத்தால வரும் எண்டு ஒருத்தருக்கும் தெரியாதே." சோற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நிரப்பேக்கை இன்னும் கொஞ்சம் குறையும். எந்தக் கோது, எவ்வளவு மருந்து எல்லாம் தெரியும். அதுக்குப் பிறகு நான் நல்லா நித்திரை கொள்ளுறன். இது உங்கடை மச்சாளுக்கே நான் சொன்னதில்லை."

தங்கச்சி சாப்பிடுவதை நிறுத்தியிருந்தாள்.

என்னிடம் பொழுதுபோக்கு என்று சொன்னவர், என் மனைவியிடம்தான் உண்மையைச் சொன்னார். ஏன் என்று பிறகு யோசித்தேன். நான் மெசினைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள்தான் ஆளைப் பற்றிக் கேட்டாள்.

"உங்களுக்கு அப்பிடி" என்றாள் மனைவி கடைசியில். "எனக்கு அந்தச் சத்தம் வராமலே இருந்தால்தான் நித்திரை வரும்."

"அதுவும் சரிதான் அக்கா."

"இன்னும் கொஞ்சம் சோறு போடட்டோ?"

"போடுங்கோ."

அவ்வளவுதான் அந்தப் பேச்சு. ஒருவர் மற்றவரை மாற்றப் பார்க்கவில்லை. பின்னேரம் தங்கச்சியும் மச்சானும் மட்டும் குருசடிப் பக்கம் நடந்து போனார்கள். இருட்டுகிற நேரம்தான் திரும்பி வந்தார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து தங்கச்சி அந்தப் பிரஸ்ஸை "அவரின்ரை சாமான்" என்று சொல்வதை விட்டுவிட்டாள்.

புறப்படுகிற நாள் நான் அந்த எஃகு நாக்கைக் காட்டினேன். மச்சான் உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அச்சு அசலாச் செய்திருக்கிறியள்" என்றார். பிறகு என் கையிலேயே திருப்பி வைத்தார். "இதைப் போட்டால் தட்டு தன்ரை பாட்டில சுத்தும். பிறகு இவ பாக்கிறதுக்கு நேரம் வராது."

அவர்கள் போன பிறகு சனிக்கிழமை வேலை வழமைபோல நடந்தது. அவர்களுக்குச் சனி பின்னேரம், எங்களுக்கு ஞாயிறு காலை. தங்கச்சி தொலைபேசியை கராஜ் மேசையில் சாய்த்து வைத்துவிட்டு, டோர்ச் அடித்துக்கொண்டே எங்களோடு பேசுவாள். அவள் பேச்சுக்கு நடுவில் கைபிடி இறங்குகிற சத்தம் கேட்கும், பித்தளை பெட்டியில் விழுகிற சத்தம் கேட்கும். மூன்றாம் கிழமை என் மனைவி சொன்னாள்:

"மச்சாள், நீங்கள் வேலையை முடிச்சிட்டு எடுங்கோவன். எனக்கு உந்தச் சத்தத்துக்குள்ள நீங்கள் சொல்லுறது விளங்குதில்லை."

என் மனைவிக்குப் பேச்சு விளங்காமல் இல்லை. தங்கச்சிக்கு அது புரிந்தது. "ஓம் மச்சாள், முடிச்சிட்டு எடுக்கிறன்" என்றாள்.

இப்போது அவள் எல்லாவற்றையும் பூட்டிவிட்டு, கை கழுவி, குசினிக்குள் வந்து இருந்துகொண்டுதான் எடுக்கிறாள். மச்சான் பின்னால் தேத்தண்ணி போடுவது தெரியும். என் மனைவியும் அவளும் அரை மணித்தியாலம் பேசுவார்கள். பேசாலையில் இந்தக் கிழமை என்ன மீன் பட்டது, கோயில் கூரைக்கு வேலை தொடங்கியாச்சோ, அங்கே எத்தனை அடி பனி. நான் இடைக்கிடை தலையை நீட்டுவேன். போன கிழமை மச்சான் ஒரு படம் அனுப்பியிருந்தார். பயந்துகொண்டுதான் திறந்தேன். இடியப்ப உரல். மூன்று வகை. எது திறம் என்று கேட்டிருந்தார்.